ஆவுடை என்ன எடை இருப்பாள்

உப்போடைப்பட்டியில் வாயால் சொன்ன அளவு பொருளில் போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தது ஓர் ஆடி மாதத்தில். கரிசல் காட்டுக் காற்று புழுதியை வாரி வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருக்க, பெண்கள் கூட்டிக் கூட்டி இடுப்பொடிந்து போயிருந்த நேரம் அது. அதனால் முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிடக்கிற வேலைக்கு நடுவில் இது வேறயா என்று சலித்துக்கொண்டதோடு சரி.

முதலில் தெரிந்தது தங்கப்பழம் அண்ணாச்சி கடையில். அண்ணாச்சி சீனியைத் தட்டில் போட்டு, தராசு ஆடி நிற்பதற்கு முன்னாலேயே "ஒரு கிலோ சரியா இருக்கு" என்று பொட்டலத்தைக் கட்டி நீட்டிவிடுகிறவர். கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். ஊருக்கும் அது தெரியும், உள்ளூர்க் கடையில் என்னத்தைக் கேட்க என்று விட்டிருந்தார்கள். அன்றைக்கு அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் பொட்டலம் உப்பியது, நூல் அறுந்தது, சீனி முழுசாக ஒரு கிலோவாகி மேசையில் சிந்தியது. அடுத்தவருக்குப் பருப்பு, அதற்கடுத்தவருக்குப் புளி. மத்தியானம் வரைக்கும் அண்ணாச்சி பொய் சொல்லிச் சொல்லி, சொன்ன பொய்யெல்லாம் நிஜமாகிப் போய், சாப்பிட வீட்டுக்குப் போனபோது "இன்னைக்கு என்னமோ வாய் சரியில்ல" என்று மட்டும் மனைவியிடம் சொன்னாராம்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மெயின் ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி, "உப்போடைப்பட்டியா? இந்தா, அரைக் கிலோமீட்டர்தான், நடந்துருங்க" என்று கண்டக்டர் ஒருவர் ஆளை இறக்கிவிட்டுப் போக, ரெண்டு கிலோமீட்டர் ரோடு அரைக் கிலோமீட்டராகச் சுருங்கி, ரெண்டு பக்கமும் கருவேல மரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெருக்கியடித்து நின்றன. நடக்கிறவர்களுக்குச் சந்தோஷம்தான், ஆனால் அந்த ரோட்டோரத்தில் காடு வைத்திருந்தவர்கள் தங்கள் காட்டைக் காணோம் என்று கூப்பாடு போட்டார்கள். ஊரில் பத்துப் பேர் நின்று "ரெண்டு கிலோமீட்டர், ரெண்டு கிலோமீட்டர்" என்று தொண்டை கிழியக் கத்தியும் ரோடு அசையவில்லை. மறுநாள் அதே பஸ் வரும்வரை காத்திருந்து, அதே கண்டக்டரைக் கீழே இறக்கி, அவர் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் அது நீண்டு பழையபடி படுத்தது. ஒருவர் வாயால் கட்டியது அவர் வாயால்தான் அவிழும் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

புதுப்பெண் ஒருத்தி, மனசெல்லாம் பூவில் இருந்திருக்கும் போல, பால்காரர் ஐயாத்துரையிடம் "ரெண்டு முழம் பால் ஊத்துங்க" என்று சொல்லிவிட்டாள். பால், தொடுத்த பிச்சிப்பூ மாதிரி ரெண்டு முழம் சரமாகக் கேனிலிருந்து இறங்கியது. ஐயாத்துரை அசராமல் முழங்கையில் அளந்து நறுக்கிக் கொடுத்தார், அவளும் செம்பில் சுருட்டி வைத்துக்கொண்டு போய்க் காய்ச்சினாள், சூடேறியதும் அது சரம் கலைந்து பாலாகிப் பொங்கியது. பிறகு ஒரு வாரம் சின்னப் பெண்கள் எல்லாம் பாலை முழத்தில் வாங்கித் தலையில் வைத்துப் பார்த்தார்கள். எறும்பு மொய்த்ததும் விட்டுவிட்டார்கள்.

ஆம்பளைகள் பாடுதான் திண்டாட்டம். "அஞ்சு நிமிசத்துல வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் சீட்டுக்கட்டும் கையுமாக, பாதிச் சவரத்தோடு, சில பேர் இடுப்பில் துண்டோடு, அஞ்சாவது நிமிசம் வீட்டு வாசலில் வந்து நின்றான். எப்படி வந்தோம் என்று அவனுக்கே தெரியாது. "வந்துட்டீகளா, இந்தா இந்த அரிசியைக் கொண்டுபோய் அரைச்சிட்டு வாங்க" என்று பெண்கள் தூக்குவாளியை நீட்டினார்கள். அதிலிருந்து ஆம்பளைகள் வெளியே போகும்போது வாயைத் திறக்காமல் போகப் பழகினார்கள்.

சண்முகத்தாய் கதை எல்லாவற்றையும் மிஞ்சியது. அவள் வாய்க்கு ஊரே பயப்படும். ஒருநாள் வெயிலில் களையெடுத்துவிட்டு வந்து, "தல நூறு கிலோ கனக்கு" என்று சொல்லிப் படுத்தவள் படுத்தவள்தான், தலை தரையோடு ஒட்டிக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. அவள் வாயால்தானே அவிழ வேண்டும், அதனால் ஒரு தலை என்ன எடை இருக்கும் என்று பெண்கள் கூடி யோசித்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. தினமும் சுமக்கிறோம், ஒருநாளும் நிறுத்துப் பார்க்கவில்லையே என்றார்கள். சண்முகத்தாய் தரையிலிருந்தபடியே "ஒரு கிலோ" என்றாள், தலை காற்றாடி மாதிரி நாலாபக்கமும் ஆடியது. "பத்து கிலோ" என்றாள், தாடை நெஞ்சில் போய்ச் சொருகிக்கொண்டது. ஒரு தர்பூசணிப் பழத்தை மனசில் நினைத்து "நாலரைக் கிலோ" என்று சொன்னபோது கழுத்து நேராக நின்றது. "இவ்வளவுதானா என் தல? இதுக்கா இம்புட்டு எண்ணெய் தேய்ச்சேன்?" என்றாளாம்.

இப்படியாக ஊர் பழகிக்கொண்டது. முணுமுணுத்துச் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று கண்டுபிடித்தார்கள், அதனால் கடையில் எல்லாம் காதோடு காதாகத்தான் பேச்சு. வெறும் எண்ணைச் சொன்னால் ஒன்றும் ஆகாது, கிலோவோ லிட்டரோ முழமோ கூடச் சேர்ந்தால்தான் பிடிக்கும் என்று கண்டுபிடித்தார்கள், அதனால் எண்ணைச் சொல்லிவிட்டு மிச்சத்தை விழுங்கினார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னால் எதுவும் நடக்காது, ஆனால் உள்ளது எவ்வளவு என்று யாருக்குத் தெரிகிறது? சுமார் என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் மோசம். "சுமார் இருபது கிலோ" என்று அண்ணாச்சி ஒரு கருப்பட்டி மூடையைப் பார்த்துச் சொல்லிவைக்க, அது பதினெட்டுக்கும் இருபத்திரெண்டுக்கும் நடுவில் ஒரு நிலைக்கு வராமல், நாளெல்லாம் கடை மூலையில் அசைந்துகொண்டே கிடந்தது.

இவ்வளவு பழகியும் ஒரே ஒரு பேச்சை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஏனென்றால் அதை யாரும் பேச்சு என்றே நினைக்கவில்லை, மரியாதை என்று நினைத்திருந்தார்கள்.

பேச்சியம்மாளுக்குப் பேர்தான் பேச்சி. கிழக்கே ஒரு ஊரிலிருந்து உப்போடைப்பட்டிக்கு வாழ வந்தவள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நிற்கிற இடத்தில் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நிற்பாளே தவிர வாய் திறக்க மாட்டாள். புருசன் வேல்ச்சாமி கரி மூடை ஏற்றுகிற லாரியில் லோடுமேன், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். சண்முகத்தாய் அவனுக்கு அக்கா, பேச்சிக்கு மதினி, பக்கத்து வீடு. "எங்க வீட்டுக்கு வந்ததுதான் வந்தா, வாயை அம்மா வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டா" என்று மதினி கேலி பண்ணுவாள். பேச்சி அதற்கும் சிரிக்க மட்டும்தான் செய்வாள்.

அவளுக்குப் பிள்ளை ஒன்று. ஆவுடைச்செல்வி, ஊர் வாயில் ஆவுடை. உட்காரப் பழகி, தவழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற பருவம். கொழுகொழுவென்று, தொடையில் மடிப்பு விழுந்து, யார் பார்த்தாலும் ஒரு கிள்ளு கிள்ளத் தோன்றும். பேச்சி அவளை இடது இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அடுப்பு, குழாய், கடை, ஆட்டுக்குத் தழை எல்லாம். ராத்திரி பிள்ளை மணிக்கொரு தரம் எழுந்து அழும். காலையில் எழும்போதே பேச்சிக்கு இடது தோள் மரத்துப் போயிருக்கும், கண் எரியும், பல் தேய்க்கவே கை வராது.

பிள்ளையை யாராவது பார்த்து "ஏத்தா, எப்படி இருக்கா பாரு, பூசணிக்கா கணக்கா" என்றால், பெற்றவள் உடனே பதில் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் கண் பட்டுவிடும். மற்றவர்கள் நிறையச் சொல்வார்கள், பல்லு முளைக்கு, வயித்தால போகுது, ராத்திரியெல்லாம் நொய்நொய்ங்கா என்று. பேச்சிக்கு அத்தனை பேச்சு வராது. அவள் அம்மா சொல்லிக் கொடுத்து அனுப்பிய ஒரே ஒரு வாக்கியம்தான் அவளிடம் இருந்தது.

"எங்க, கால் கிலோ கொறைஞ்சிட்டா."

எதையும் வாய்க்குள்ளேயே சொல்கிறவள், அந்த ஒன்றை மட்டும் சத்தமாகச் சொல்வாள். கண் வைக்கிறவர் காதில் அது விழ வேண்டும் அல்லவா.

குழாயடியில் ஒரு தரம், அண்ணாச்சி கடையில் ஒரு தரம், பஸ் ஸ்டாப்பில் யாரோ வழிப்போக்கர் கன்னத்தைத் தொட்டதற்கு ஒரு தரம். ஆவுடை பார்க்க அப்படியேதான் இருந்தாள். மடிப்பும் கன்னமும் அப்படியே. கனம்தான் போனது. பேச்சி அதைக் கவனிக்காமல் இல்லை. முதலில் தோள் வலி விட்டது. பிறகு இடுப்பு நிமிர்ந்தது. நாலைந்து வீட்டுத் தண்ணியை ஒரே நடையாகத் தூக்குகிற தெம்பு வந்தது. ஏன் என்று அவள் யோசிக்கவில்லை, யோசிக்கவும் பிடிக்கவில்லை. பிள்ளை வந்ததிலிருந்து முதல்முறையாக உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கிறது, சாமி பார்த்துக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டாள். ஊர்க்காரர்கள் "நல்லா வளருதாளே" என்றார்கள். அவள் "எங்க, கால் கிலோ கொறைஞ்சிட்டா" என்றாள். இடுப்பு இன்னும் லேசானது.

வெள்ளிக்கிழமை காலையில் பேச்சி சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். மதினி முருங்கைக்கீரை கேட்டு உள்ளே வந்தவள், தொட்டிலைப் பார்த்துவிட்டு நின்றாள். தொட்டில் சேலை தொங்கவில்லை, காற்றில் பாய் மாதிரி விரிந்து ஆடிக்கொண்டிருந்தது.

"ஏளா, பிள்ளை எங்க?"

"தொட்டில்ல மதினி."

"தொட்டில்ல காத்துதான் கெடக்கு."

அண்ணாந்து பார்த்தார்கள். ஆவுடை கூரைத் தகரத்தில் முதுகு ஒட்ட, கைகாலை உதைத்துக்கொண்டு, பக்கத்தில் தகரத்தில் ஊர்ந்து போன எறும்பு ஒன்றைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் காற்று ஒரு தரம் வீசினால் கதவுப் பக்கம் போனாள், விட்டால் திரும்பி வந்தாள். கதவு திறந்திருந்தது.

மதினி முதலில் கதவைச் சாத்தினாள். பிறகு கட்டில்மேல் ஏறி, துடைப்பக்கட்டையால் மெல்லத் தள்ளி, காலைப் பிடித்துப் பிள்ளையை இறக்கினாள். இறக்கியவள் அசந்துபோய் நின்றாள். "என்னளா இது, அப்பளம் கணக்கா இருக்கா! நீ என்ன சொன்ன?"

பேச்சி தொட்டிலைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லலயே மதினி, எல்லாரும் சொல்லுததுதான், எங்க, கால் கி…"

மதினி பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். பொத்தின கையை எடுக்காமலே, "இன்னொரு தரம் சொன்ன, மிச்சம் இருக்கதும் போயிரும்ளா" என்றாள். பேச்சி மதினியின் உள்ளங்கைக்குப் பின்னால் வாய் திறக்காமல் அழுதாள்.

அன்றைக்குப் பாடு பெரும்பாடாக இருந்தது. பால் குடிக்க மடியில் போட்டால் பிள்ளை மடியில் நிற்கவில்லை, ரெண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தால்தான் வாய் காம்பில் இருந்தது, பிடித்த பிடியில் பிள்ளை அழுதது, அழுகையும் கனமில்லாமல் நூல் மாதிரி வந்தது. சேலைத் தலைப்பில் பிள்ளையை முடிந்து இடுப்போடு கட்டிக்கொண்டாள். வெளியே ஆடிக் காற்று ஊளையிட்டது. ராத்திரி முடிச்சை அவிழ்க்காமல் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினாள், தூக்கம் வரவில்லை. இடுப்பு லேசாக இருந்ததே, அதற்குச் சந்தோஷப்பட்டோமே என்பது ஒன்றே திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் காலை குழாயடியில் பெண்கள் கூடிவிட்டார்கள். பால்வாடி டீச்சர் ஜெபக்கனியும் வந்திருந்தாள்.

"சண்முகத்தாய் தலைக்குப் பண்ணின மாதிரிதான்" என்றாள் டீச்சர். "பேச்சி வாயால சரியான எடையைச் சத்தமா சொல்லணும். அவ்வளவுதான்."

"சொல்லுளா, என்ன எடை இருந்தா?"

"தெரியாது மதினி" என்று பேச்சி தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"பால்வாடியில போட்டிருப்பீகள்லா டீச்சர்?"

"எங்க போட? நான் எடை போடுத நாளெல்லாம் பிள்ளை தூங்குதும்பா, வீட்டுல ஆள் வந்திருக்கும்பா, ஓடி ஒளிஞ்சிக்கிடுவா. எடை போட்டா கண் பட்டுருமாம்."

"இப்ப போட்டுப் பாத்தா?"

"இப்ப இருக்கதத்தான் காட்டும். அது எதுக்கு?"

"அப்ப ஒவ்வொண்ணா சொல்லிப் பாக்கட்டுமே, என் தலைக்குப் பாத்த மாதிரி."

"அது உங்க தல, தாங்குச்சு" என்றாள் டீச்சர். "இது பச்சப் பிள்ளை. பாரத்தை ஏத்தி ஏத்தி இறக்குனா எலும்பு என்னத்துக்கு ஆகும்? ஒரே தரம்தான் சொல்லணும்."

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், கிலோவை விழுங்கிவிட்டு. ஒருத்தி நாலு என்றாள், ஒருத்தி பன்னிரண்டு என்றாள், என் மகன் இந்த வயசில் இத்தனை என்றாள் ஒருத்தி, அவள் மகன் பிறக்கும்போதே பானை மாதிரி இருந்தான் என்று இன்னொருத்தி. நாலுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளையே தொலைந்து போகலாம் போல இருந்தது. பேச்சி கேட்டுக்கொண்டே நின்றாள். இவர்கள் யாருமே ஆவுடையைத் தூக்கிக்கொண்டு நடந்ததில்லை, கிள்ளியிருக்கிறார்கள், கொஞ்சியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நடந்தவள் நான் ஒருத்திதானே என்று அவளுக்கு மெல்ல உறைத்தது. உறைத்ததும் உடம்பு முழுக்க அந்தப் பழைய அசதி ஞாபகம் வந்தது, எந்த இடத்தில் எப்படி வலித்தது, எந்தப் பக்கம் எவ்வளவு இழுத்தது என்று.

"கொடம் இருக்கா?" என்றாள்.

மதினி திரும்பினாள். "என்னது?"

பேச்சி பதில் சொல்லாமல் ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் ஏறியது. குடத்தின் நடுவில் ஓடுகிற கோட்டைத் தொட்டதும் நிறுத்தினாள், வலது இடுப்பில் தூக்கி வைத்துப் பார்த்தாள், உள்ளங்கையைக் குவித்து ஒரு சேரங்கை அள்ளிக் கீழே ஊற்றினாள், திரும்பத் தூக்கினாள். "இம்புட்டுதான் இருப்பா" என்றாள்.

"எப்படிளா தெரியும்?"

"இந்தப் பக்கம் பிள்ளை இருக்கும், அந்தப் பக்கம் கொடம். இதுக்கு மேல தண்ணி மோந்தா கொடத்துப் பக்கம் சாயும். இதுக்குக் கீழ மோந்தா பிள்ளைப் பக்கம் சாயும். இம்புட்டு மோந்தாத்தான் வீடு வர தடுமாறாம நடப்பேன். தெனமும் இதுதான் மோப்பேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

"ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ" என்றாள் டீச்சர் சத்தமாக. எல்லோரும் பயந்து குடத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, உள்ளதைத்தானே சொன்னாள். "இந்தத் தண்ணியை அளந்தா பிள்ளையை அளந்த மாதிரி."

ஐயாத்துரை பால் அளக்கிற லிட்டரை எடுக்கப் போன ஒருத்தியை மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள், அவர் லிட்டர் எந்தக் காலத்தில் லிட்டராக இருந்தது. கடையில் விற்கிற காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, குடத்திலிருந்து நிரப்பி நிரப்பிக் கீழே ஊற்றினார்கள். வாய் திறந்து எண்ணவில்லை, விரலை மட்டும் மடக்கினார்கள். ஏழு விரல் மடங்கியது. கடைசியாக ஊற்றியது பாட்டிலில் பாதியில் நின்றது.

எல்லோரும் பாதிப் பாட்டிலைப் பார்த்தார்கள். ஏழும் அரையும். நல்ல நாளிலேயே யாரும் வாயால் சொல்லாத எண். வீட்டில் கல்யாணம் தட்டிப்போனால், மாடு செத்தால், மழை பொய்த்தால் எல்லாம் அந்த எண்ணைச் சொல்லித்தான் சனியைத் திட்டுவார்கள். அதைப் பச்சைப் பிள்ளை தலையில் வைத்துச் சத்தமாகச் சொல்வதா?

"எட்டுன்னு சொல்லிரு" என்றாள் மதினி.

"கூடுதலாயிரும் மதினி. தாங்க மாட்டா."

"அப்ப ஏழு. ஏழு நல்ல எண்ணுதான்."

"அரை எங்க போகும்?" என்றாள் ஒருத்தி. "ரெண்டு கையும் சேத்தாத்தான் அம்புட்டு இருக்கும். கையில்லாத பிள்ளையாத் தூக்கிட்டுப் போவாளா?"

"சுமார்னு சேத்துக்கிட்டா?"

"சும்மா கெட. சுமார்னு சொன்ன கருப்பட்டி மூடை இன்னும் கடையில ஆடிக்கிட்டுக் கெடக்கு. பிள்ளையும் அப்படி ஆடணுமா?"

டீச்சருக்குச் சட்டென்று தோன்றியது. "கிராமுல சொல்லு! ஏழாயிரத்து ஐநூறு கிராம். கனம் அதேதான், பேரு வேற. சனிக்கு கிலோதான் தெரியும், கிராம் எங்க தெரியப்போகுது?"

எல்லோருக்கும் மூச்சு வந்தது. "படிச்சவ படிச்சவதான்" என்றாள் மதினி. "சொல்லுளா. சத்தமா."

பேச்சி சேலைத் தலைப்பைக் கடிக்கப் போனாள், அதில் பிள்ளை கட்டியிருந்தது. சுற்றி இத்தனை முகம். இத்தனை முகத்துக்கு முன்னால் இவ்வளவு பெரிய எண்ணை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "எழு… எழுபத்தி…"

"ஐயோ!" என்று குழாயடியே அலறியது. "எழுபத்தஞ்சாயிரம்னு சொல்லிராதளா! பிள்ளை நெல்லு மூடையாயிரும்!"

அவள் பயந்து வாயை மூடினாள். அதே நேரத்தில் காட்டுப் பக்கமிருந்து காற்று ஒரே வீச்சாக வந்தது. காலிக் குடங்கள் உருண்டன. நேற்று முழுக்க இறுக்கி இறுக்கிக் கட்டிய முடிச்சு நழுவியது. ஆவுடை சேலைத் தலைப்பிலிருந்து வழுக்கி, குழாய்க்கு மேலே, பெண்களின் தலைக்கு மேலே, சிரித்துக்கொண்டே எழுந்தாள். பேச்சி எக்கிப் பிடித்தாள். கையில் ஒரு குதிகால் மட்டும் அகப்பட்டது. வேர்வையில் அதுவும் வழுக்கியது.

"ஏழரைக் கிலோ!" என்று பேச்சி கத்தினாள். "ஏழரைக் கிலோ எம்பிள்ளை! ஏழரைக் கிலோ!"

அவளுக்கு அப்படியொரு குரல் இருந்தது என்று ஊருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அண்ணாச்சி கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆவுடை மேலேயிருந்து தொப்பென்று அம்மா நெஞ்சில் விழுந்தாள். விழுந்த வேகத்தில் பேச்சி ரெண்டடி பின்னால் போய்க் குழாய்த் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை வீறிட்டு அழுதது, நல்ல கனமான அழுகை. பேச்சி எழுந்து அவளை இடது இடுப்பில் வைத்தாள். இடது தோள் இறங்கியது. பழைய இடத்தில் பழைய வலி வந்து உட்கார்ந்தது.

மதினி மூன்று தரம் தரையில் துப்பிவிட்டு, "பிள்ளையை இறக்கிட்ட, சரி. கூடவே சனியனையும் இடுப்புல ஏத்திக்கிட்டியே" என்றாள்.

"வந்தா வரட்டும் மதினி" என்றாள் பேச்சி. மூச்சு வாங்கியது. "அதையும் சேத்துத் தூக்குதேன்."

டீச்சர் குடத்தில் திரும்பத் தண்ணீர் பிடித்து, அந்தக் கோட்டுக்கு ஒரு சேரங்கை கீழே நிறுத்தி, பேச்சியின் வலது இடுப்பில் ஏற்றிவிட்டாள். பேச்சி நடந்தாள். இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை. ரெண்டு பக்கமும் ஒன்றுபோல இழுக்க, நேராக, மெதுவாக, வீடு போய்ச் சேர்ந்தாள்.

மத்தியானம் வேல்ச்சாமி லாரியிலிருந்து இறங்கி வந்தான். சட்டையெல்லாம் கரி. அக்கா வழியிலேயே மறித்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். வாசலில் நின்று செருப்பைக் கழற்றாமலே, "நீயா கத்துன? குழாயடியில, அம்புட்டுப் பேரு முன்னால?" என்றான்.

"ம்."

அவன் அவளைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கருப்பு, தலை சீவவில்லை, இடுப்பில் பிள்ளை.

"ரொம்ப அசதியோ?"

"ம்."

"எம்புட்டு?" என்றான், சும்மா கேட்கிற மாதிரி.

பேச்சி யோசித்தாள். உண்மையாகவே பதில் சொல்லத்தான் யோசித்தாள். இன்றைக்குத்தான் வாய் திறந்திருக்கிறது, இதையும் சொல்லிவிடலாம். கிலோ என்று சொல்லிப் பார்த்தாள் மனசுக்குள், பொருந்தவில்லை. லிட்டர் பொருந்தவில்லை. முழம், நாழிகை, கிலோமீட்டர், எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அது அதற்குள் அடங்காமல் வழிந்தது. இதற்கென்று யாரும் ஒரு அளவு வைக்கவில்லை. வைத்திருந்தால் இந்நேரம் யாராவது சொல்லிக் குறைத்திருப்பார்கள்.

"கையை நீட்டுங்க" என்றாள்.

"எதுக்கு? கரியா இருக்கு."

"இருக்கட்டும். நீட்டுங்க."

நீட்டினான். அவள் ஆவுடையைத் தூக்கி அவன் கையில் வைத்தாள். நாளெல்லாம் மூடை தூக்குகிறவன், அந்தக் கை ஒரு சாண் கீழே இறங்கியது. பிள்ளை நெளிந்தது, அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது, சட்டைப் பொத்தானைக் கடித்தது. மூடை இப்படி நெளியாது, இப்படி நழுவாது. அவன் வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான், இடதிலிருந்து வலதுக்கு மாற்றினான்.

"ஆத்தாடி" என்றான். பிறகு, "எம்புட்டு நேரம் வச்சிருக்கணும்?" என்றான்.

பேச்சி அவனைப் பார்த்தாள். வாய் வரைக்கும் வந்தது ஒரு பதில். ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம், எப்போதும் சொல்கிற மாதிரி. சொன்னால் அவ்வளவு நேரம்தான் பிள்ளை அவன் கையில் நிற்கும்.

அவள் சொல்லவில்லை. உள்ளே போய், பாய் கூட விரிக்காமல், சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்தாள், கண்ணை மூடினாள். வேல்ச்சாமி வாசலில் நின்றான், இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குப் பிள்ளையை மாற்றிக்கொண்டே, உள்ளே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே.